ரேஸ் தடத்தில் டீசல் கார்: ஓட்டுவதைவிட நிறுத்துவதில் கவனம் தேவை!

திங்கள் முதல் வெள்ளி வரை சில்க் போர்டு சந்திப்பிலும், ஹெப்பால் மேம்பாலத்திலும், கே.ஆர்.புரம் தொங்குபாலத்தை ஒட்டியும் மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிற கார், சனிக்கிழமை விடியற்காலையில் ஓசூர் சாலையில் விரைகிறது. அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் அதற்கு உயிர் வந்துவிடுகிறது. அது போகும் இடம் கல்யாண வீடும் அல்ல. குலதெய்வக் கோவிலும் அல்ல. ரேஸ் தடம்!

பெங்களூரில் கார்ப் பிரியர்களுக்குப் பஞ்சமில்லை. கம்ப்யூட்டர் கம்பெனி சம்பளத்தில் தவணைக்கு வாங்கிய காரை, அதன் முழு வேகத்தில் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. அந்த ஆசையைச் சட்டத்துக்கு உட்பட்டுத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அதற்கு "டிராக் டே" என்று பெயர்.

ஆனால் கார் டீசல் காராக இருந்தால், அதுவும் 2020-க்குப் பிறகு வாங்கியதாக இருந்தால், புறப்படும் முன் ஒரு பொருளைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியம். காரின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பொருள் கெட்டால், பல கார்களில் பில் லட்ச ரூபாய்க் கணக்கில் வந்து நிற்கும்.

பந்தயம் அல்ல

டிராக் டே என்பது பந்தயம் அல்ல. சொந்தக் காரை எடுத்துச் சென்று, கட்டணம் கட்டி, ரேஸ் தடத்தில் சில சுற்றுகள் ஓட்டலாம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் கிடையாது.

ஹெல்மெட் கட்டாயம். காரைப் பரிசோதித்த பிறகே உள்ளே விடுவார்கள். எந்த இடத்தில் முந்தலாம், எந்த இடத்தில் முந்தக்கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். மஞ்சள் கொடி காட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவப்புக் கொடி காட்டினால் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு, வண்டிகள் நிற்கும் "பிட்" பகுதிக்கு மெதுவாகத் திரும்ப வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அசைந்தால், அந்தத் தடவைக்கான ஓட்டம் முடிந்தது என்று பொருள்.

நள்ளிரவில் பொதுச் சாலையில் சீறிப் பாய்ந்து, தன் உயிரையும் வழியில் போகிறவர் உயிரையும் பணயம் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். இங்கே எதிரே லாரி வராது. குறுக்கே நாய் ஓடாது. தடம் தவறினாலும் மோதிக்கொள்ள மின்கம்பம் இல்லை. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

பெங்களூர்க்காரர்கள் காலையில் புறப்பட்டுப் போய்ச் சேரக்கூடிய பெரிய தடங்களில் இரண்டு, தமிழ்நாட்டில் பெயர் பெற்றவை. ஒன்று, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த இந்தத் தடம் 1990-ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்றின் நீளம் 3.7 கிலோமீட்டர். மற்றொன்று, கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே. விமான விபத்தில் 1995-ல் இறந்த பந்தய வீரர் கரிவரதன் நினைவாக அந்தப் பெயர் வைக்கப்பட்டது. இதன் சுற்று 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். (சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பெரியவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள்.)

இரண்டு ஊர்களுமே பெங்களூரில் இருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். இந்தத் தூரம் டீசல் காருக்கு ஒரு வரப்பிரசாதம். ஏன் என்பது பின்னால் விளங்கும்.

கரிக்கு ஒரு சிறை

பழைய டீசல் வண்டி மேடு ஏறும்போது பின்னால் வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கரும்புகை முழுவதும் எரியாத டீசலின் கரித்தூள். அதன் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரு தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாதவை அவற்றில் ஏராளம். மூக்கின் மயிர்க்கால்களில் தங்காமல் நேரே நுரையீரலின் அடி வரை போய்விடும்.

2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நாடு முழுவதும் "பாரத் ஸ்டேஜ் 6" என்ற புதிய மாசு விதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை துகள் வெளியேற்றலாம். புதிய விதியில் நாலரை மில்லிகிராம்தான் அனுமதி. பொற்கொல்லர் கணக்கில் சொன்னால், முன்பு ஒரு குன்றிமணி எடை கரியை வெளியே தள்ள ஐந்து கிலோமீட்டர் ஓடினால் போதும். இப்போது 27 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

இதைச் சாதிப்பதற்காக வைக்கப்பட்டதுதான் "டீசல் பார்ட்டிகுலேட் பில்டர்". சுருக்கமாக டி.பி.எப். மெக்கானிக்குகள் வெறும் "பில்டர்" என்றே சொல்கிறார்கள். இதை விற்பனைக் காரில் பொருத்திய முன்னோடிகளில் ஒன்று பிரான்சு நாட்டு பெஜோ கம்பெனி. ஆண்டு 2000.

பில்டரின் அமைப்பு தேன்கூடு போன்றது. சுட்ட பீங்கான் போன்ற பொருளில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். ஒரு குழாய்க்கு முன்வாய் திறந்து பின்வாய் அடைத்திருக்கும். பக்கத்துக் குழாய்க்கு முன்வாய் அடைத்துப் பின்வாய் திறந்திருக்கும். உள்ளே நுழைந்த புகைக்கு வெளியேற நேர்வழி கிடையாது. நுண்துளைகள் கொண்ட சுவரை ஊடுருவித்தான் அடுத்த குழாய்க்குப் போக வேண்டும். புகை போய்விடும். கரி சிக்கிக்கொள்ளும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் கரி இங்கேயே கைதாகிவிடுகிறது.

சிறை நிரம்பினால்?

சிறை நிரம்பினால் கைதிகளை என்ன செய்வது? காரின் கம்ப்யூட்டர் அவர்களை எரித்துவிடுகிறது!

பில்டருக்கு முன்னும் பின்னும் புகையின் அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கருவி அளந்துகொண்டே இருக்கும். வித்தியாசம் கூடினால் கரி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கம்ப்யூட்டர் சிலிண்டருக்குள் வழக்கமான டீசலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் டீசலைப் பீச்சச் சொல்கிறது. நேரம் தப்பி வந்த அந்த டீசல் எரியாமல் புகையோடு வெளியேறி, பில்டருக்கு முன்னால் உள்ள வேறொரு பாகத்தில் எரிகிறது. பில்டருக்குள் சூடு சுமார் 600 டிகிரி சென்டிகிரேடுக்கு ஏறுகிறது. அந்தச் சூட்டில் கரி எரிந்து வாயுவாகப் போய்விடும். சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை, ஒரு தடவைக்குப் பத்து முதல் இருபது நிமிடம் வரை இது நடக்கும்.

டீசலை இப்படி நினைத்த நேரத்தில், நினைத்த அளவில் பீச்ச முடிவது "காமன் ரெயில்" முறையால்தான். 1997-ல் கார்களுக்கு வந்த இந்த முறையில் முன்னோடியானது பாஷ் கம்பெனி. ஆடுகோடி "மைக்கோ" என்றால் பெங்களூர்த் தமிழர்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1951-ல் தொடங்கப்பட்டு, டீசல் பம்புகளுக்குப் பெயர் பெற்ற அந்த மைக்கோதான் 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது.

எரியாத ஒன்றும் உண்டு. என்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் சில ரசாயனங்கள் சாம்பலாகி பில்டரில் தங்கும். திருநீற்றை மறுபடியும் எரிக்க முடியுமா? அதுபோல இந்தச் சாம்பலும் எவ்வளவு சூட்டுக்கும் அசையாது. ஆகவேதான் பில்டர் உள்ள காருக்குச் சாம்பல் குறைந்த தனி வகை ஆயிலைக் கம்பெனி குறிப்பிடுகிறது. "எல்லா ஆயிலும் ஒன்றுதான்" என்று கையில் கிடைத்ததை ஊற்றினால், பில்டரின் ஆயுள் குறையும்.

நெரிசலே முதல் எதிரி

கரி எரிய வேண்டுமானால் கார் ஓரளவு வேகத்தில், நிற்காமல் ஓட வேண்டும். மாரத்தஹள்ளியில் இருந்து கோரமங்களாவுக்கு ஒரு மணி நேரம் ஊர்ந்து போகும் காரில் அது நடக்குமா? ஊர்ந்து போகும்போது புகையின் சூடு 150, 200 டிகிரிதான் இருக்கும். கம்ப்யூட்டர் டீசலை அதிகமாகப் பீச்சிச் சூடேற்றத் தொடங்கும். பாதி எரிந்துகொண்டிருக்கும்போதே ஆபீஸ் வந்துவிடும். சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிடுவார்கள். மாலையில் திரும்பும்போது மறுபடியும் அதே கதை.

இதில் இரண்டு கேடு. ஒன்று, பில்டரில் கரி நாளுக்கு நாள் கூடுகிறது. இரண்டு, கூடுதலாகப் பீச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி என்ஜின் ஆயிலில் கலந்துவிடுகிறது. ஆயில் குறைந்தால்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் உண்டு. டீசல் காரில் ஆயில் மட்டம் ஏறினாலும் ஆபத்துதான். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போகும். பேரிங்குகளுக்கு வேண்டிய வழவழப்பைத் தராது. மட்டம் மிக அதிகமானால் என்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும் அபாயமும் இருக்கிறது.

இந்த நிலையில் உள்ள காரை நேராக ரேஸ் தடத்துக்குக் கொண்டுபோவது, பட்டினி கிடந்தவனை மல்யுத்தத்துக்கு இறக்குவது போன்றது.

தடத்தில் நடப்பது என்ன?

அதிவேகத்தில் ஓட்டினால் பில்டர் அடைத்துக்கொள்ளும் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மை நேர்மாறானது.

ரேஸ் தடத்தில் ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கும்போது கரி அதிகம் உண்டாவது நிஜம். வளைவு முடிந்து மிதித்த அந்த முதல் நொடியில், டர்போ போதிய காற்றைத் தருவதற்கு முன் டீசல் வந்துவிடுவதால் கரி கூடும். ஆனால் அதே நேரத்தில் புகையின் சூடும் 500, 600 டிகிரி என்று ஏறிவிடுகிறது. பில்டரில் விழும் கரி, கம்ப்யூட்டரின் உதவி இல்லாமலே எரிந்துகொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள பில்டர், தடத்தில் சில சுற்றுகள் ஓடிய பிறகு முன்னைவிடச் சுத்தமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் ஆபத்து எங்கே?

வேகத்தில் அல்ல, திடீரென்று நிற்பதில்!

கரி நிறைய சேர்ந்த பில்டர் ஒன்று, தடத்தின் சூட்டில் பற்றி எரியத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் வேகமாக ஓடும் வரை புகை வெள்ளம்போலப் பாய்ந்து, எரியும் சூட்டை அள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். அந்த நேரத்தில் ஓட்டுகிறவர் சடாரென்று பிட் பகுதிக்குள் திரும்பி, காரை நிறுத்தி, என்ஜினை வெறுமனே ஓடவிட்டு நண்பர்களிடம் பேசப் போகிறார். என்ன ஆகும்?

புகையின் ஓட்டம் மெலிந்து போகிறது. சூட்டை அள்ளிச் செல்ல ஆள் இல்லை. இன்னொரு பக்கம், டீசல் என்ஜின் வெறுமனே ஓடும்போது மிகக் கொஞ்சம் டீசலையே எரிக்கிறது. உள்ளே போன காற்றில் உள்ள பிராணவாயு பெரும்பகுதி அப்படியே புகையோடு பில்டருக்கு வந்து சேர்கிறது. எரியும் கரிக்கு இது நெய் வார்த்தது போல. சூடு கூடுகிறது. போக வழியில்லை. பில்டருக்குள் சூடு 1,000 டிகிரியையும் தாண்டிவிடலாம். தேன்கூட்டின் நடுப்பகுதி கொதிக்கும். ஓரங்கள் அவ்வளவு சூடாக இருக்காது. சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடுமே, அதுபோல உள்ளே விரிசல் விடும். சில சமயம் உருகியும் போகும்.

பில்டர் செய்யும் என்ஜினீயர்கள் பயப்படும் நிலைகளில் முதலாவது இதுதான். இதைத் தடுக்கக் காரின் கம்ப்யூட்டர் தன்னால் ஆனதைச் செய்யும். ஆனால் மாதக்கணக்கில் கரி நிரப்பிய பில்டரைக் காப்பாற்ற அதனால் எப்போதும் முடியாது.

விரிசல் விட்ட பில்டரைச் சரிசெய்ய வழியில்லை. மாற்றத்தான் வேண்டும்.

புறப்படும் முன்

ரேஸ் தடத்துக்கு டீசல் காரைக் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

பில்டர் விளக்கு டாஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்தால் தடத்தில் இறங்கவே கூடாது. முதலில் ஒர்க் ஷாப்பில் காட்ட வேண்டும்.

ஆயில் மட்டத்தை முதல் நாளே பார்க்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, தொட்டு முகர்ந்தால் டீசல் வாடை வந்தாலோ, ஆயிலை மாற்றிவிட்டே புறப்பட வேண்டும்.

டாங்கில் டீசல் போதிய அளவு இருக்க வேண்டும். பல கார்களில் டீசல் மிகவும் குறைந்தால், கரியை எரிக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் தள்ளிப்போட்டுவிடும்.

இப்போது அந்த 300 கிலோமீட்டரின் அருமை விளங்கும். கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைச் சாலையிலோ, சேலம் வழியாகக் கோவைச் சாலையிலோ, சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் மூன்று நான்கு மணி நேரம் நிற்காமல் ஓடும்போது, நகரத்தில் சேர்ந்த கரி நிதானமாக எரிந்து தீர்ந்துவிடும். தடத்தின் வாசலுக்கு வரும்போது பில்டர் ஏறக்குறைய காலியாக இருக்கும். காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிறவர்களுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது!

கரி எரிந்துகொண்டிருக்கிறதா என்று சில கார்கள் காட்டாது. அடையாளங்களைப் பார்த்துக் கண்டுகொள்ள வேண்டும். நிற்கும்போது என்ஜின் வழக்கத்தைவிடச் சற்று வேகமாக ஓடும். மைலேஜ் முள் சட்டென்று இறங்கும். கருகிய சூட்டு வாடை அடிக்கும். என்ஜினை நிறுத்திய பிறகும் விசிறி நெடுநேரம் சுற்றும். இவற்றில் ஏதாவது தெரிந்தால், இன்னும் பத்து இருபது நிமிடம் சாலையில் ஓட்டிவிட்டு அப்புறம் உள்ளே போவது நல்லது.

தடத்தில் டீசல் காரை ஓட்டும் முறையும் வேறு. பெட்ரோல் காரைப்போல முள் கடைசிக் கோட்டைத் தொடும் வரை இழுத்துப் பயனில்லை. 4,000 சுற்றுக்கு மேல் பெரும்பாலான டீசல் என்ஜின்களில் வலு குறைந்துவிடும். அதேபோல உயர்ந்த கியரில் போட்டு என்ஜினைத் திணறவிடுவதும் தவறு. திணறும் என்ஜின்தான் அதிகக் கரி கக்கும். வளைவுக்குள் நுழையும் முன்பே ஒரு கியர் இறக்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

டீசல் என்ஜின் கனமானது. அந்தப் பாரம் முழுவதும் முன் சக்கரங்கள் மீது. எனவே முன் டயர்களும் முன் பிரேக்குகளும் சீக்கிரம் சூடாகும். பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் கொதித்துவிடும். பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். அதற்கு மேல் ஒரு சுற்றுகூட ஓடக்கூடாது.

கடைசிச் சுற்று

கட்டம் போட்ட கொடி அசைந்த பிறகு வரும் சுற்றுதான் டீசல் காருக்கு மிக முக்கியமான சுற்று. அதை மெதுவாக, பிரேக்கை அதிகம் தொடாமல், ஒரே சீராக ஓட்ட வேண்டும். பில்டர், டர்போ, பிரேக் மூன்றும் காற்றில் ஆறும். பிட் பகுதிக்கு வந்த பிறகு ஒன்றிரண்டு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தினால், டர்போவுக்குள் இருக்கும் ஆயில் கருகாமல் தப்பும்.

காரை நிறுத்தும் இடமும் முக்கியம். காய்ந்த புல் மீது நிறுத்தவே கூடாது. பில்டரும் சைலன்சர் குழாயும் இருக்கும் சூட்டுக்குப் புல் பற்றிக்கொள்ளும். சிமெண்டுத் தரையோ, தார்த் தரையோதான் பாதுகாப்பு. குழந்தைகளைப் பின்பக்கம் விளையாட விடக்கூடாது.

"எடுத்துடலாம் சார்!"

பில்டர் தொல்லை கொடுத்தால் சில ஒர்க் ஷாப்களில் ஒரு சுலப வழி சொல்வார்கள்.

"சார், அதைப் போய் மாத்துறதுக்கு இவ்வளவு செலவு பண்ணுவாங்களா? உள்ள இருக்கிறதைக் குடைஞ்சு எடுத்துடலாம் சார். கம்ப்யூட்டர்லயும் மாத்தி விட்டுடறேன். வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்!"

கேட்க இனிக்கும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவது குற்றம். 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாசு விதியை மீறிப் பொது இடத்தில் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும், மூன்று மாதம் லைசென்ஸ் ரத்தும் காத்திருக்கின்றன.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012 ஜூன் மாதத்தில் அறிவித்தது. ரேஸ் தடத்தில் ஓடுவது மாதத்தில் ஒரு நாள். மற்ற நாட்களில் அந்தக் கார் ஓடுவது பள்ளிக்கூட வாசலிலும், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலும்தான். பில்டரைக் குடைந்து எடுத்த காரின் கரியைச் சுவாசிக்கப் போவது அங்கே நிற்கும் பிள்ளைகள்.

பில்டர் இருந்தால் வேகம் வராது என்ற வாதமும் நிற்காது. உலகின் மிகக் கடினமான பந்தயங்களில் ஒன்றான பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், 2006-ல் முதன்முதலாக ஒரு டீசல் கார் வென்றது. அது ஆடி ஆர்-10. பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின் கொண்ட அந்தக் காரில் கரி பில்டர்கள் பொருத்தப்பட்டிருந்தன! 2009-ல் வென்ற பெஜோ 908 காருக்கு அதன் பெயரிலேயே பில்டரைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் சேர்க்கப்பட்டிருந்தன. ஒரு பகலும் ஓர் இரவும் முழு வேகத்தில் ஓடிய கார்களுக்குத் தடையாக இல்லாத பில்டர், இருங்காட்டுக்கோட்டையில் பத்துச் சுற்று ஓடும் காருக்கா தடையாகிவிடும்?

அடைப்பு என்பது டீசல் பந்தயத்தில் பழைய பகையாளி. 1952-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில், தகுதிச் சுற்றின் மூலம் தொடக்க வரிசையில் முதலிடத்தில் நின்றது கம்மின்ஸ் கம்பெனியின் டீசல் கார். பந்தயத்திலோ அது 71 சுற்றோடு விலகிவிட்டது. என்ஜின் உடையவில்லை. டயர்களில் இருந்து பறந்த ரப்பர் துகள்கள், டர்போ காற்று இழுக்கும் வாயை அடைத்துவிட்டன! கோடி கோடியாகக் கொட்டினாலும், ஓர் அடைப்பைக் கவனிக்காவிட்டால் கார் ஓடாது என்பதற்கு அது ஒரு பாடம்.

இன்சூரன்ஸ் கை கொடுக்குமா?

கார்க் கடனில் பாதித் தவணை பாக்கி இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போவது நல்லது. சாதாரண கார் இன்சூரன்ஸ் பாலிசிகளில், பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காரைப் பயன்படுத்தும்போது ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனை இருக்கும். கம்பெனி தரும் வாரண்டியிலும் பெரும்பாலும் இதே நிலைதான். தடத்தில் பில்டர் வெடித்தாலும், தடுப்பில் மோதினாலும் செலவு சொந்தக்காரர் தலையில். பாலிசியை எடுத்து, எழுத்துக்கூட்டியாவது ஒரு முறை வாசித்துவிட வேண்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு டீசல் காரைத் தடத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. பில்டர் நல்ல நிலையில் இருந்தால், உரிய ஆயில் இருந்தால், நெடுஞ்சாலையில் ஓடிக் கரி தீர்ந்திருந்தால், தடத்தில் பயமின்றி ஓடலாம். ஓடி முடித்ததும் ஒரே ஒரு சுற்றை மெதுவாகச் சுற்றினால் போதும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தை ஒரு முறை சுற்ற நாலு நிமிடம் ஆகும். அந்த நாலு நிமிடப் பொறுமைக்கு விலை போட்டால், லட்ச ரூபாய்!